நூற்று நான்காம் வாசகம்

பதினொரு பேர் ஆற்றோடு போய்ப் பன்னிரண்டு நாள் ஆன பிறகுதான் அந்த வரி ஷெர்லின் கண்ணில் பட்டது. அவள் எழுதிய வரிதான். எழுதி ஆறு மாதம் ஆகியிருந்தது. மறந்தே போயிருந்தாள்.

காட்டியவன் இர்ஃபான். ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தவன், மேலப்பாளையத்துக்காரன், அதிகம் பேசமாட்டான். பாளையங்கோட்டையில், ஆற்றுவலை மையத்தின் மாடியில், காலை பத்தரை மணிக்குத் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தான். திரையில் இரண்டு பட்டியல்கள் அருகருகே இருந்தன.

“மேடம், இது எல்லாப் பெட்டியிலயும் இருக்கிற பட்டியல். இது மேலப்பூவனேரிப் பெட்டியில இருக்கிறது. இங்க மட்டும் ஒண்ணு கூடுதலா இருக்கு. நாலாவது.”

ஷெர்லின் படித்தாள். காது இரண்டும் சூடேறின.

“யார் மேடம் இதைச் சேர்த்தது?”

“முன்னாடி இருந்த யாரோ,” என்றாள். “நீ பட்டியலைச் சரி பண்ணிடு. இப்பவே.”

அவன் ஒரு நொடி நின்றான். பிறகு கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனான். சரி பண்ணுவது என்றால் அந்த வரியை அழிப்பது. தப்பைத் திருத்துவதும் தடயத்தை அழிப்பதும் ஒரே வேலையாக அமைந்துபோனதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் முதன்முதலில் அவளுக்கு உடம்பு கூசியது.

ஆற்றுவலை என்பது தாமிரபரணிக்காகச் செய்யப்பட்டது. எட்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்து, சென்னையிலிருந்த பெரிய கணினி ஊமையாகிப்போனது. தண்ணீர் வருவது அதற்குத் தெரிந்திருந்தும் சொல்வதற்கு வழியில்லை. அதற்குப் பிறகு ஆற்றையே துண்டு துண்டாகப் பிரித்தார்கள். மலையடிவாரத்திலிருந்து கடல் வரை முப்பத்தாறு இடங்களில், பாலங்களுக்கு அடியிலும் மதகுகளின் ஓரத்திலும், இரும்புப் பெட்டிக்குள் ஒரு கணினி. ஒவ்வொன்றுக்கும் தன் துண்டு ஆறு மட்டும்தான் தெரியும். தனக்குத் தெரிந்ததை மேலேயும் கீழேயும் இருக்கும் பெட்டிகளுக்குச் செய்தியாக அனுப்பும். அவை அனுப்புவதை வாங்கித் தன் கணக்கைப் போடும். முப்பத்தாறும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரே ஆற்றைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். ஆபத்து என்று தெரிந்தால் யாரையும் கேட்காமல் அந்தந்த ஊரின் அபாயச் சங்கை அந்தந்தப் பெட்டியே ஊதிவிடும். மையத்தில் இருப்பவர்களுக்கும் சங்கை ஊதும் அதிகாரம் உண்டு. ஆனால் பெட்டிகள் எழுப்பினால்தான் அவர்களுக்கு விஷயம் தெரியவரும்.

நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதன் நிரலைப் பராமரிக்கும் குழுவுக்குத் தலைமை ஷெர்லின். முப்பத்தெட்டு வயது. தன் வேலையில் பெருமை உள்ளவள்.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி மதியம் மேலப்பூவனேரிக்குச் சற்று மேலே ஒரு பெரிய குளம் உடைந்து, மொத்தத் தண்ணீரும் ஆற்றில் இறங்கியது. அன்று ஊர்ப்பக்கம் நல்ல வெயில். மழையெல்லாம் மலையில்தான். ஒன்பது கிலோமீட்டர் கீழே புன்னையடியில், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில், பதினொரு பெண்கள் வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தார்கள். செல்போன்களைச் சாப்பாட்டுத் தூக்குகளோடு பையில் போட்டுக் கரையில் வைத்திருந்தார்கள். புன்னையடிச் சங்கு ஊதத்தான் செய்தது. ஆனால் தண்ணீரும் சங்கும் ஒன்றாக வந்தன.

மேலப்பூவனேரிப் பெட்டி ஐம்பது நிமிடம் முன்னதாகவே எச்சரித்திருக்க வேண்டும். ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் திருவேங்கடம், ஓய்வு பெற்ற அணைப் பொறியாளர். எழுபது வயது, நிதானமான மனிதர். கணினி அவருக்குப் பழக்கமில்லை.

“எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்கம்மா,” என்றார் ஷெர்லினிடம்.

“ஒவ்வொரு பெட்டியும் தண்ணி மட்டத்தை எண்ணா அனுப்பும் சார். இவ்வளவு அடி, இவ்வளவு அங்குலம்னு. மட்டத்தைச் சொல்ல முடியாத நிலைமை வந்தா அதுக்குப் பதிலா ஒரு பிழை எண் அனுப்பும்.”

“மட்டத்தைச் சொல்ல முடியாத நிலைமைன்னா?”

“பேட்டரி இறங்கிப்போகலாம். பக்கத்துப் பெட்டி பேசாம இருக்கலாம். இல்ல, தண்ணி அளவுகோலோட உச்சியைத் தாண்டிப் போயிடலாம். தாண்டிட்டா எவ்வளவு தண்ணின்னு சொல்ல அதுகிட்ட எண்ணே கிடையாது. தாண்டிட்டுன்னு மட்டும்தான் சொல்ல முடியும்.”

“அதாவது, நிலைமை ரொம்ப மோசமா இருக்கும்போதுதான் இந்தப் பிழை எண் வரும்.”

“ஆமா சார்.”

“எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு யார் முடிவு பண்றது?”

“நாங்கதான் சார். கணினியோடயே வர்ற பிழைச் செய்திகள் பொதுவானவை. ஆத்துக்கு வேணும்கிறதை நாங்களே எழுதிச் சேர்த்துக்கிட்டோம். பெட்டி ஒவ்வொரு தடவையும் இயங்க ஆரம்பிக்கும்போது அந்த வாசகங்களை வரிசையா சேர்த்துக்கும். முதல்ல சேர்க்கிறதுக்கு நூத்தியொண்ணு. அடுத்ததுக்கு நூத்திரெண்டு. அப்படியே போகும்.”

“செய்தி அனுப்பும்போது வாசகமும் கூடவே போகுமா?”

“போகாது சார். எண் மட்டும்தான் போகும். வாங்குற பெட்டி தன்கிட்ட இருக்கிற பட்டியலைப் பார்த்து அர்த்தம் எடுத்துக்கும்.”

திருவேங்கடம் பேனாவை மேசைமேல் வைத்தார். “அப்ப ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பட்டியல் இருக்கணும்.”

“இருக்கணும்.”

“இருந்துச்சா?”

“மேலப்பூவனேரியில ஒரு வாசகம் கூடுதலா இருந்துச்சு சார். நடுவுல. அதனால அதுக்குக் கீழே இருந்ததெல்லாம் ஒவ்வொரு எண் தள்ளிப் போயிடுச்சு. ‘தண்ணீர் அளவுகோலைத் தாண்டிவிட்டது, கீழூர்களில் உடனே சங்கு ஊதவும்’கிறது எல்லா இடத்துலயும் நூத்திநாலு. அங்க மட்டும் அது நூத்தியஞ்சு ஆயிடுச்சு. அன்னைக்கு அந்தப் பெட்டி சரியாத்தான் கத்துச்சு சார். நூத்தியஞ்சு, நூத்தியஞ்சுன்னு ஐம்பது நிமிஷம் விடாம அனுப்பியிருக்கு.”

“புன்னையடியில நூத்தியஞ்சுன்னா என்ன?”

ஷெர்லின் மேசையைப் பார்த்தாள். “‘இது சோதனைச் செய்தி. கண்டுகொள்ள வேண்டாம்.’”

யாரோ தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது.

“அந்தக் கூடுதல் வாசகம் என்ன?” என்று கேட்டார் திருவேங்கடம்.

“சோதனைக்காகச் சேர்த்தது சார். நீக்க மறந்துட்டோம்.”

மறந்துட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்து எழுந்தபோது, “இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சு மறைக்காமச் சொன்னீங்க. எல்லாருக்கும் இந்த மனசு வராது,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஷெர்லினும் கும்பிட்டாள். கைகள் சேர்ந்த இடத்தில் வியர்த்திருந்தது.

அந்த வாசகம் உண்மையில் இப்படித்தான் வந்தது.

மேலப்பூவனேரியில் சந்தனமாரி என்று ஒரு பம்ப் ஆபரேட்டர். ஐம்பது வயது. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிடுவது அவள் வேலை. பாலத்தடிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் பஞ்சாயத்து அவள் தலையில் கட்டியிருந்தது. கோடையில் ஆற்றில் ஆகாயத்தாமரை மண்டும். மிதந்து வந்து அளவுகோலில் சிக்கினால் தண்ணீர் திடீரென்று இரண்டடி ஏறியதுபோலக் காட்டும். அப்படிக் காட்டியபோதெல்லாம் சந்தனமாரி மையத்துக்குப் போன் போட்டாள்.

“மேடம், மறுபடியும் ஏறிட்டுன்னு காட்டுது. ஆத்துல முழங்கால் தண்ணிதான் கெடக்கு. என்னன்னு வந்து பாருங்க மேடம். நாளைக்கு நெசமாவே ஏறுனா யாரு நம்புவா?”

மே மாதம் ஒரே நாளில் நான்கு முறை கூப்பிட்டாள். நான்காவது முறை போனை வைத்துவிட்டு ஷெர்லின், இந்தப் பொய் ஏற்றத்துக்கென்றே ஒரு பிழை வகையைச் சேர்ப்போம் என்று முடிவு செய்தாள். திடீரென்று ஏறி உடனே இறங்கினால் பெட்டி தனக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். யாருக்கும் செய்தி அனுப்பக் கூடாது. நல்ல யோசனைதான். அந்தப் பெட்டிக்கு மட்டும் சேர்த்தாள். வாசகம் எழுதும் இடம் வந்தபோது பேர் தானாக இயைபு போட்டுக்கொண்டு வந்தது. எழுதினாள்: ‘சந்தனமாரி ஒப்பாரி. கண்டுகொள்ள வேண்டாம்.’

உரக்கப் படித்துக் காட்டினாள். அப்போது கூட வேலை செய்த மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. நாளைக்கு ஒழுங்கான வாசகமாக மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு வேறு வேலை வந்தது. சிரித்த மூன்று பேரும் அடுத்தடுத்து வேறு ஊர்களுக்கு வேலை மாறிப் போனார்கள்.

பட்டியலின் கடைசியில் சேர்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பொருத்தமான இடத்தில் இருக்கட்டும் என்று நடுவில் நுழைத்தாள். அடுக்கி வைப்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

குழு கூடிய மறுநாள் பேப்பரில் வந்தது: ‘மேலப்பூவனேரி கருவியில் பிழை; விசாரணையில் தகவல்.’ ஷெர்லின் பேர் எங்கேயும் இல்லை. அவள் இரண்டு முறை படித்து இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிவில் ஐயர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். “நம்ம சபை மகள் இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சதால இனிமே எத்தனையோ உயிர் பிழைக்கப்போகுது,” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் கணவன் ஜெபராஜ் பெருமையோடு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று மதியம் சோற்றில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தலைவலி என்றாள்.

செவ்வாய்க்கிழமை இர்ஃபான் மேலப்பூவனேரிக்குப் போய்ப் புதுப் பெட்டி மாட்டிவிட்டு வந்தான். வந்தவன் தன் இடத்துக்குப் போகாமல் அவள் மேசைக்கு முன்னால் நின்றான்.

“அந்தப் பம்ப் ஆபரேட்டரம்மாவ வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்க மேடம்.”

“எதுக்கு?”

“பேப்பர்ல அவங்க ஊர்க் கருவியில பிழைன்னு போட்டுட்டாங்கல்ல. அவங்க கண்டபடி கையை வச்சுத்தான் கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. செத்தவங்கள்ல ஒருத்தி அவங்க கூடப்பிறந்த தங்கச்சியாம். பேச்சித்தாய்னு பேரு. பேப்பர் வந்த அன்னைக்குத்தான் பதினாறாம் நாள் காரியம். அதுக்குப் போன இவங்களைப் புன்னையடி எல்லையிலயே மறிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்.”

அவன் இன்னும் நின்றான்.

“எழுதினது யாருன்னு நான் அன்னைக்கே பார்த்துட்டேன் மேடம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்துல பேர் இருக்கும்ல.” பிறகு, தானே ஏதோ தப்புச் செய்துவிட்டவன்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் யார்கிட்டயும் சொல்லல,” என்றான்.

அவளுக்காகத்தான் அவன் வெட்கப்படுகிறான் என்பது ஷெர்லினுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவன் எதுவும் தெரியாதவன்போல அவளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் காலை அவள் காரை எடுத்துக்கொண்டு மேலப்பூவனேரிக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. வழி நெடுக, என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எந்த வாக்கியமும் அந்த வரி வரை போய்ச் சேரவில்லை.

சந்தனமாரி வீட்டு வாசலில் சொளகில் ரேஷன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேலே ஆபரேட்டர் காக்கிச் சட்டையை இன்னும் போட்டிருந்தாள். ஷெர்லின் தன்னை யாரென்று சொன்னதும் சட்டென்று எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள்.

“மேடம், நான் எதையும் தொடல மேடம். தாமரை வந்து அடைச்சா கம்பால தள்ளிவிடுவேன். அவ்வளவுதான். சத்தியமா பெட்டியைத் தொறந்ததே இல்ல.”

“தெரியும்க்கா. உங்க மேல தப்பில்ல. தப்பு என் மேல.”

சந்தனமாரி புரியாமல் பார்த்தாள். ஷெர்லின் நின்றபடியே சொன்னாள். பட்டியலைப் பற்றிச் சொன்னாள். எண் மட்டும்தான் போகும் என்பதைச் சொன்னாள். ஒரு வாசகம் நடுவில் புகுந்ததால் இங்கே கத்தியது அங்கே சோதனை ஆகிப்போனதைச் சொன்னாள். சந்தனமாரி இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“அந்தக் கூடுதல் வாசகம்... அதை நான்தான் எழுதினேன்க்கா. வேடிக்கைக்கு எழுதினது. உங்க பேரைப் போட்டு...”

அதற்கு மேல் வரவில்லை.

“ஒப்பாரின்னு போட்டிருந்திய. அதா?” என்றாள் சந்தனமாரி.

ஷெர்லின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“ஆனி மாசம் கான்ட்ராக்டர் ஆளு வந்து பெட்டி மேல சின்னதா ஒரு டிவி மாட்டிட்டுப் போனாரு. தண்ணி எம்புட்டுக் கெடக்கு, பெட்டி என்ன சொல்லுதுன்னு இனிமே இதுல தெரியும்னு சொன்னாரு. நானும் தெனமும் பார்ப்பேன். ஒருநாள் தாமரை வந்து அடைச்சுட்டு. ஒங்களுக்குப் போன் போடணும்னு கையில எடுக்கேன், டிவியில எம் பேரு வருது.” சந்தனமாரி சொளகைக் கீழே வைத்தாள். “எம் பேரு இதுல எப்பிடி வந்துச்சுன்னு சந்தோசமாத்தான் படிச்சேன் மேடம். எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கேன். எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிச்சிட்டு, யாரும் பாக்காவளான்னு சுத்திமுத்திப் பார்த்தேன்.”

அந்தத் திரை மாட்டப்பட்டது ஷெர்லினுக்குத் தெரியாது. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஏதோ ஒரு மின்னஞ்சலில் இருந்திருக்கும்.

“அதுக்கப்புறம் நான் ஒங்களுக்குப் போனே போடல. கவனிச்சியளா?”

கவனித்திருந்தாள். ஜூன் மாதத்திலிருந்து அந்த எண்ணிலிருந்து அழைப்பே வரவில்லை. நிம்மதி என்று இருந்துவிட்டாள்.

“அன்னைக்கும் நான் பாலத்துலதான் நின்னேன்,” என்றாள் சந்தனமாரி. குரல் மாறவில்லை, கண் மட்டும் ஆற்றுப் பக்கம் போயிருந்தது. “ரெண்டே கால் மணி இருக்கும். தண்ணி அளவுக் கம்பு உச்சியத் தாண்டிட்டு. டிவியில சரியாத்தான் போட்டிருந்துச்சு. தாண்டிட்டு, கீழ சங்கு ஊதுங்கன்னு. போனை எடுத்தேன் மேடம். ஒங்க நம்பரைக்கூட அமுக்கிட்டேன். அதான் பெட்டியே சொல்லிட்டே, நாம வேற எதுக்கு ஒப்பாரி வைக்கணும்னு கட் பண்ணி இடுப்புல சொருகிட்டேன். பேச்சி அன்னைக்கு வேலைக்குப் போயிருக்கான்னு எனக்குத் தெரியாது.”

ஷெர்லின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எண் மாறிப்போனதால் பதினொரு பேர் செத்தார்கள் என்பதுதான் இதுவரை அவள் கணக்கு. எண் மாறியிருந்தாலும் ஒரு போன் வந்திருந்தால் மையத்திலிருந்தே சங்கை ஊதியிருக்கலாம். அந்தப் போன் இந்தப் பெண்ணின் கைவரை வந்திருக்கிறது. அதை நிறுத்தியதும் அதே வரிதான். இதற்குக் குழுவின் அறிக்கையில் இடம் கிடையாது.

“இதை ஏன்க்கா நீங்க யார்கிட்டயும் சொல்லல? உங்களை அவ்வளவு பேசியிருக்காங்களே.”

“சொன்னா, டிவியில எம் பேரு எப்பிடி வந்துச்சுன்னும் சொல்லணும்லா,” என்றாள் சந்தனமாரி. “எப்பிடிச் சொல்லுவேன்?”

ஷெர்லின் அங்கே உட்கார்ந்தபடியே திருவேங்கடத்துக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மனசு கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா அறிக்கை போயாச்சு. வாசகம் என்னவா இருந்தாலும் காரணம் ஒண்ணுதானே? பட்டியல் மாறிப்போச்சு. அதை நீங்களே சொல்லிட்டீங்க. இந்த ஒப்பாரி விஷயமெல்லாம் வெளிய வந்தா முப்பத்தாறு ஊர்லயும் ஒருத்தன் இந்தப் பெட்டியை நம்பமாட்டான். உங்க வேலையும் போயிடும். கொஞ்சம் ஆறப்போடுங்க. அப்புறம் பேசலாம்.”

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளுக்கு வேதனையாக இருந்தது. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னவாம்?” என்றாள் சந்தனமாரி.

“எழுதமாட்டாங்கக்கா. நான் மறுபடியும் எழுத்துல கொடுக்கிறேன். மேல யார்கிட்டயாவது...”

“அவுக எழுதுனா எழுதட்டும், எழுதாட்டிப் போகட்டும். எனக்கு அது எதுக்கு? நீங்க புன்னையடியில வந்து சொல்லுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான் எல்லாரும் ஏலக் கொட்டகையில சாப்பாட்டுக்குக் கூடியிருப்பாவ.”

ஷெர்லின் உடனே எழவில்லை. வர முடியாது என்று சொல்வதற்குப் பத்துக் காரணம் மனதில் வந்துபோனது. எல்லாமே நியாயமான காரணங்கள்தான். சந்தனமாரி அவசரப்படுத்தவில்லை. அரிசியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு, கார்ப் பக்கம் போய் நின்றாள். முன்னால் உட்காரச் சொன்னபோது வேண்டாம் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

புன்னையடி எல்லையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். காருக்குள் சந்தனமாரியைப் பார்த்ததும் ஒருவன் கையை நீட்டி மறித்தான். ஷெர்லின் கண்ணாடியை இறக்கி, “நான் ஆற்றுவலை மையத்துல இருந்து வர்றேன். உங்க எல்லார்கிட்டயும் ஒரு விஷயம் சொல்லணும். இந்தக்காவும் கூட இருக்கணும்,” என்றாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வழி விட்டார்கள்.

வெள்ளம் வந்ததிலிருந்து வாழை ஏலக் கொட்டகையில்தான் சமையல். தகரக் கூரைக்குக் கீழே அறுபது எழுபது பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். சேறு இன்னும் தூண்களில் மனித உயரத்துக்குக் காய்ந்திருந்தது. பேச்சித்தாயின் புருஷன் வண்டிமலையான் சாம்பார் வாளியோடு நடுவில் நின்றிருந்தான். சந்தனமாரியைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தான்.

“இவளை யாரு உள்ள விட்டது?”

“நான் கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் ஷெர்லின். “இந்தக்கா எந்தத் தப்பும் பண்ணல. அந்தப் பெட்டிக்குள்ள ஓடுற புரோகிராம் நான் எழுதினது. அதுல நான் பண்ணின காரியத்தாலதான் உங்க ஊர்ச் சங்கு நேரத்துக்கு ஊதல.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவள் சொன்னாள். குழுவிடம் சொன்னதைவிடச் சின்னச் சின்ன வார்த்தைகளில் சொன்னாள். தண்ணீர் வந்ததை மேலூர்ப் பெட்டி எண்ணாகச் சொன்னது. அந்த எண்ணுக்கு உங்கள் ஊர்ப் பெட்டியில் வேறு அர்த்தம் இருந்தது. அப்படி ஆனது நான் வேடிக்கையாக நடுவில் சேர்த்த ஒரு வாசகத்தால். வாசகம் என்று சொல்லி நிறுத்தினாள்.

“என்ன வாசகம்?” என்று கேட்டான் வண்டிமலையான்.

அவள் சந்தனமாரியைத் திரும்பிப் பார்த்தாள். சந்தனமாரி காக்கிச் சட்டையின் கீழ்ப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தலை குனியாமல் நின்றிருந்தாள்.

ஷெர்லின் சொன்னாள். ஆறு மாதத்துக்கு முன்னால் உரக்கப் படித்துக் காட்டியதை இப்போது முணுமுணுப்பாகத்தான் சொல்ல முடிந்தது.

“கேக்கல,” என்றாள் பின்வரிசையில் ஒரு பெண். “சத்தமாச் சொல்லுங்க.”

“‘சந்தனமாரி ஒப்பாரி. கண்டுகொள்ள வேண்டாம்,’” என்றாள் ஷெர்லின்.

யாரும் கத்தவில்லை. யாராவது கத்தினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவன் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்வரிசைப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தகரக் கூரையில் காகம் நடக்கும் சத்தம் கேட்டது.

வண்டிமலையான் கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“எங்களைப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கிய?”

“உங்களைப் பத்தி எதுவும் எழுதல,” என்றாள் ஷெர்லின். அவர்கள் நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. உண்மையை முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். “உங்க ஊர்ல இருந்து யாரும் ஒருதடவைகூட எங்களுக்குப் போன் பண்ணினதில்ல. அதனாலதான்.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கே கேட்டது.

வண்டிமலையான் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு குனிந்து, கட்டிலிருந்து ஓர் இலையை உருவித் தண்ணீர் தெளித்து, பந்தியின் முதல் இடத்தில் விரித்தான்.

“மதினி, உக்காருங்க,” என்றான்.

சந்தனமாரி போய் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். யாரோ சோறு போட்டார்கள். அவள் சோற்றில் கை வைத்ததும் தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்துப் பெண்கள் இருவர் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பதினாறாம் நாள் அழ முடியாமல் போனதை அவள் இப்போது, இத்தனை பேர் நடுவில், பேச்சியின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஒவ்வொரு வரிக்கும் மற்றப் பெண்களும் குரல் சேர்த்தார்கள்.

ஷெர்லினை யாரும் போ என்று சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. அந்த அழுகை முடியும் வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.